365ஆம் பிரிவும் வன்னித் திருச்சபைகளின் மௌனமும்

2008 ஏப்ரல் 20, ஞாயிற்றுக்கிழமை. வன்னியில் மல்லாவி – வவுனிக்குளம் வீதியில் நடந்த கிளைமோர்த் தாக்குதலில் அருட்தந்தை எம்.எக்ஸ். கருணாரட்ணம் கொல்லப்பட்டார். வடக்கு கிழக்கு மனித உரிமைகள் செயலகத்தின் தலைவராக இருந்து, காணாமற்போனோரையும் கொல்லப்பட்டோரையும் பதிவுசெய்தவர் அவர். 2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப், நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் அமர்ந்து, போரின் முடிவில் கணக்கில் வராத 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அரசு எண்ண மறுத்தவர்களை எண்ணியது வடபுலத் திருச்சபையின் பெருமை. அந்தப் பெருமையை உரிமை கொண்டாடும் திருச்சபைகள், தங்கள் மடியிலேயே வளர்ந்த சில பிள்ளைகளைப் பற்றி மட்டும் பேசத் தயங்குகின்றன.

தன்பாலீர்ப்பு உள்ளவர்களும் திருநங்கைகளும் திருநம்பிகளுமே அந்தப் பிள்ளைகள்.

இவர்களைக் குற்றவாளிகளாக்கும் சட்டம் நம் மண்ணில் விளைந்ததன்று. 1883இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம் பிரிவு, ‘இயற்கைக்கு மாறான’ உறவுக்குப் பத்து ஆண்டுகள் வரை சிறை என்கிறது. 365அ பிரிவு ‘பாரதூரமான அநாகரிகச் செயலுக்கு’ இரண்டு ஆண்டுகள் வரை சிறை விதிக்கிறது. 1995இல் சட்டம் திருத்தப்பட்டபோது அது நீங்கவில்லை. பெண்களையும் சேர்த்து வளைக்கும்படி விரிந்தது. ‘இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம்’ என்று சொல்பவர்கள், வெள்ளைக்காரன் விட்டுப்போனது இந்தத் தண்டனையைத்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள். பிரித்தானியாவே தன் வீட்டில் இத்தகைய சட்டத்தை 1967 முதல் படிப்படியாகக் கைவிட்டுவிட்டது.

இலங்கையில் இதைக் கைவிடும் வாய்ப்பு வராமலில்லை. அப்போதைய பாராளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் தொலவத்த இப்பிரிவுகளைத் திருத்தக் கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனாலும் 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைக்கப்படும்வரை அது சட்டமாகவில்லை.

இந்த இடத்தில் திருச்சபைகளிடம் கேட்கப்படுவது என்ன? திருமணம் பற்றிய போதனையை நாளைக்கே மாற்றுங்கள் என்று இத்தலையங்கம் கேட்கவில்லை. அந்த விவாதம் உலகத் திருச்சபைகளுக்குள் நெடுங்காலமாக நடக்கிறது, இன்னும் நடக்கும். கேள்வி அதைவிட எளியது: பாவம் என்று ஒரு சமயம் கருதுவதற்காக ஓர் ஆளைச் சிறையில் அடைக்கலாமா?

கத்தோலிக்கர்களுக்கு இதற்கான விடை உரோமையிலிருந்தே வந்துவிட்டது. தன்பாலீர்ப்பு உள்ளவர்கள்மீதான குற்றவியல் தண்டனைகளை நாடுகள் நீக்க வேண்டும் என்று 2008 டிசம்பரிலேயே வத்திக்கான் ஐக்கிய நாடுகள் சபையில் கூறியது. 2023 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ், பாவம் வேறு குற்றம் வேறு என்று பிரித்துக்காட்டி, இத்தகைய சட்டங்கள் அநீதியானவை என்றார்; அவற்றை ஆதரிக்கும் ஆயர்கள் மனம்மாற வேண்டும் என்றும் சொன்னார். அடுத்த மாதம் தென்சூடானிலிருந்து திரும்பிய விமானத்தில், கன்ரபரிப் பேராயர் ஜஸ்ரின் வெல்பியும் ஸ்கொட்லாந்துத் திருச்சபைத் தலைவரும் அவருக்கு அருகில் நின்று இதே கருத்தை ஆமோதித்தனர். ஆசியாவிலும் முன்மாதிரி உண்டு. 2013இல் இந்திய உச்ச நீதிமன்றம் தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவை மீண்டும் உயிர்ப்பித்தபோது, மும்பைப் பேராயர் கர்தினால் ஒஸ்வால்ட் கிராசியாஸ், தன்பாலினத் திருமணத்தை ஏற்காத அதே வேளையில், இவர்களைத் திருச்சபை ஒருபோதும் குற்றவாளிகளாகக் கருதியதில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார்.

சட்டம் எங்கும் ஒன்றே என்றாலும், கொழும்பில் பிறந்த பிள்ளைக்கு ஒளிந்துகொள்ளவாவது ஒரு நகரம் இருக்கிறது. மல்லாவியிலோ துணுக்காயிலோ அது இல்லை. யாருடைய மகன் யாரோடு பேசினான் என்பது பொழுதுபடுமுன் ஊருக்குத் தெரிந்துவிடும். போரில் எல்லாம் இழந்து மீளக்குடியேறிய குடும்பங்களுக்குக் கோயில் என்பது செபிக்கும் இடம் மட்டுமல்ல. பாடகர் குழுவும், மறைக்கல்வி வகுப்பும், உதவிப் பொருளும், மரண வீட்டுக்கு வரும் சனமும் அதுவே. அங்கிருந்து ஒருவரை ஒதுக்கினால் அவருக்கு மிஞ்சுவது வவுனியா பஸ்ஸும் அதற்கப்பால் தெரியாத ஊரும்தான்.

தாய் தகப்பனின் பயத்தை இகழக்கூடாது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்ற தவிப்பில்தான் பலர் செபக்கூட்டங்களுக்கும் பேயோட்டும் போதகர்களிடமும் ஓடுகிறார்கள். ஆனால் இது நோயுமன்று, பிசாசுமன்று. உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. சென்னை உயர் நீதிமன்ற நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூனில், ‘மாற்றுகிறோம்’ என்ற பெயரில் நடக்கும் சிகிச்சைகளைத் தடைசெய்ய உத்தரவிட்டார். தீர்ப்புக்குமுன் அவரே உளவியலாளரிடம் சென்று தன் அறியாமையைப் போக்கிக்கொண்டார். ஒரு நீதியரசர் கற்கத் தயாராக இருந்தாரென்றால், நம் குருக்களும் போதகர்களும் ஏன் தயங்க வேண்டும்?

வேதாகமத்தை முன்வைத்து எதிர்ப்போர் திருத்தூதர் பணிகள் எட்டாம் அதிகாரத்தையும் வாசிக்கட்டும். விதையடிக்கப்பட்ட அண்ணகர் சபைக்குள் வரலாகாது என்பது இணைச்சட்ட நூலின் கட்டளை. இறைவாக்கினர் எசாயா அவர்களுக்கு அந்தக் கதவைத் திறந்தார். எருசலேமிலிருந்து காசாவுக்குப் போகும் பாதையில் எத்தியோப்பிய அண்ணகர், தான் ஞானஸ்நானம் பெறத் தடை என்ன என்று கேட்டார். திருத்தொண்டர் பிலிப்பு தேரிலிருந்து அவரோடு இறங்கித் தண்ணீருக்குள் போனார். அந்த வழியில் இன்று நடக்கும் சபைகளும் உண்டு. செங்கல்பட்டுக்கு அருகே நத்தத்தில் பாரதி என்ற திருநங்கை போதகராகப் பணிசெய்து திருமணங்களையும் நடத்திவைத்திருக்கிறார். இலங்கை அரசுகூட 2016 முதல் பாலின அங்கீகாரச் சான்றிதழ் வழங்கி, பிறப்புப் பதிவைத் திருத்த இடமளிக்கிறது. அந்தச் சான்றிதழோடு வருபவரைப் பங்குப் பதிவேடு எந்தப் பெயரில் அழைக்கப்போகிறது?

யாழ்ப்பாண, மன்னார் மறைமாவட்டங்களும், தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனமும், அங்கிலிக்கன், மெதடிஸ்த சபைகளும், சுயாதீன சபைகளும் மூன்று காரியங்களை இப்போதே செய்யலாம். 365, 365அ பிரிவுகள் நீங்க வேண்டும் என்று மேய்ப்புப்பணிக் கடிதத்தில் எழுதுங்கள். ‘மாற்றும்’ செபங்களுக்கும் பேயோட்டல்களுக்கும் இடமில்லை என்று பங்குகளுக்கு அறிவியுங்கள். பிள்ளையை வீட்டைவிட்டுத் துரத்தாதீர்கள் என்று ஞாயிறு மறையுரையில் பெற்றோரிடம் சொல்லுங்கள். இம்மூன்றில் எதற்கும் விசுவாச அறிக்கையில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை. அடுத்த சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வரும்வரை காத்திராமல், இந்த ஆண்டிலேயே இவற்றைச் செய்யுங்கள்.