காற்றை விற்பவர்களுக்கு ஒரு சொல்

கற்பிட்டியைப் போல மட்டக்களப்புக் கரையையும் 'கைட் சேர்ஃபிங்' களமாக்கலாமே என்று சொல்வோர் உண்டு. பலகையில் நின்று, 20 மீற்றருக்கு மேல் நீளும் கயிறுகளில் பெரும்பட்டமொன்றைப் பிடித்து, காற்றின் இழுவையில் நீர்மேல் விரையும் விளையாட்டு அது. விளையாட்டின்மீது எனக்குக் கோபமில்லை. கரையை வெற்றுநிலமாகக் காணும் கண்ணோடுதான் வழக்கு.

முதலில் காற்றையே எடுத்துக்கொள்வோம். கற்பிட்டியில் மே முதல் ஒக்டோபர் வரை தென்மேல் பருவக்காற்று நின்று வீசும். களப்பில் அலையடங்கிய நீரும் உண்டு. அதே மாதங்களில் தன்னாமுனையில் வீசுவது கச்சான். அது தரையிலிருந்து கடலை நோக்கிப் போகும் காற்று. சவுக்கடிக் கடலில் கயிறறுந்தவனை அது கரை சேர்க்காது, ஆழ்கடலுக்கே கொண்டுபோகும். வாடைக்காலத்தில் காற்று கரைநோக்கித் திரும்பும். கூடவே மழையும் கொந்தளிப்பும் வரும். களப்புக்குள் இறங்கலாமே என்பீர்கள். அங்கே வலைகள் கிடக்கின்றன.

ஆபத்தென்றால் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு ஓடப்போகிறவன் மீனவன்தான். அந்த வள்ளம் நிற்கக் கரை வேண்டாமா?

2004 ஆழிப்பேரலைக்குப் பின் அரசு ஒரு கோடு கிழித்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் வரை வீடு கட்டக்கூடாது என்றது. மீனவன் குடிசைக்கு அபாயமான மணல், உல்லாச விடுதிக்கு மட்டும் அபாயமாகத் தெரியவில்லை. 2009இல் போர் முடிந்தபின் பாசிக்குடாவில் விடுதிகள் வரிசையாக எழுந்தன. தோணி இழுக்கும் கரை சுருங்கியது. கற்பிட்டியில் 14 தீவுகளை வளைத்த சுற்றுலாத் திட்டத்தை எதிர்த்து மீனவர்கள் வீதிக்கு வந்தார்கள்.

சுற்றுலா வேலை தரும் என்பது உண்மை. ஆனால் வள்ளத்துக்குச் சொந்தக்காரனை விடுதி வாயிற்காவலனாக்குவதற்கு முன்னேற்றம் என்று பெயரிடாதீர்கள்.

பட்டம் விட வருவோர் வரட்டும். அதற்கு முன் தோணித்துறைகளும் கரைவலைப் பாடுகளும் எல்லையிட்டுக் காக்கப்படட்டும். கடலுக்குப் போகும் ஒழுங்கைகளுக்கு வேலி வேண்டாம். மீட்புக்குப் போகும் வள்ளத்துக்குக் கூலி எழுத்தில் இருக்கட்டும். இவற்றில் ஒன்றையேனும் தர மறுப்பவர், காற்றைக் காட்டிக் கரையைக் கேட்கிறார் என்றே கொள்ள வேண்டும்.