சென்சார் போச்சா, ஒயர் போச்சா?

திருப்பதி போற வழியில கனகம்மாசத்திரம் பக்கம் கார்ல இன்ஜின் லைட் எரியுதுன்னு வச்சுக்குங்க. மெக்கானிக் ஸ்கேனரைச் சொருகுவார். பி0135ன்னு வரும். "ஆக்சிஜன் சென்சார் போச்சு சார், மாத்திடலாம்." ஆயிரக்கணக்குல மொய்!

இங்கதான் எனக்குக் கடுப்பாகுது. சென்சார் செத்துப்போச்சுன்னு அந்தக் கோடு சொல்லவே இல்லையே? ஹீட்டர் சர்க்யூட்ல கோளாறுன்னுதான் சொல்லுது. நம்ம பொழப்புல எர்ரர் காட்டுற வரியிலயேவா எப்பவும் பக் இருக்கு? :-)

சென்சார் சுமார் 300 டிகிரி சூடானாத்தான் ஒழுங்கா வேலை செய்யும். அதுக்குத்தான் உள்ளே ஹீட்டர். ஃப்யூஸ், ஒயர், கனெக்டர் எல்லாம் சேர்ந்ததுதான் சர்க்யூட். முதல்ல ஃப்யூஸ். அப்புறம் கனெக்டரைக் கழட்டி, இன்ஜினை ஓடவிட்டு, வண்டிப் பக்கத்து ஒயர்ல 12 வோல்ட் வருதான்னு மீட்டர்ல பாக்கணும். வரலையா, புது சென்சார் போட்டாலும் லைட் அணையாது. எலி கடிச்ச ஒயரைத் தேடுங்க. வருதா, இன்ஜினை அணைச்சுட்டு ஹீட்டரோட ரெண்டு முனையிலயும் ரெசிஸ்டன்ஸ் பாருங்க. சில ஓம்ஸ் காட்டணும். ஓப்பன்னா தாராளமா மாத்துங்க. அதுவும் சரியா இருந்தா, ஈசியூவுக்குப் போற எர்த் ஒயர்தான் பாக்கி.

மெக்கானிக்கை மட்டும் திட்டி என்ன பண்ண? அரை மணி நேரம் மீட்டர் புடிச்சதுக்குக் கூலி கேட்டா, "ஒண்ணும் மாத்தலையே, எதுக்குக் காசு?"ன்னு கேக்கறது நாமதானே. அப்புறம் அவர் எதுக்குங்க மீட்டரைத் தொடணும்?