சாவுப் படிவத்தில் சாதிக்கு ஏன் கட்டம் இல்லை?

கொரோனா காலம் பற்றிப் பேச்சு வந்தால் நம் தரப்பிலிருந்து முதலில் வந்து விழும் குற்றச்சாட்டு இதுதான்: ஒன்றிய அரசு அறிவியலாளர்கள் சொன்னதைக் கேட்கவில்லை. ஆதாரங்களுக்குப் பஞ்சமில்லை. 2020 மார்ச் 22 மாலை தட்டு தட்டச் சொன்னார்கள். ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு 9 நிமிடம் விளக்கேற்றச் சொன்னார்கள். தடுப்பூசி ஆகஸ்ட் 15க்குள் மக்களுக்கு வந்துவிட வேண்டும் என்று ஐசிஎம்ஆர் தலைவர் சோதனை நடத்தவிருந்த மருத்துவமனைகளுக்குக் கடிதம் எழுதினார். சுதந்திர தினத்துக்கும் தடுப்பூசிச் சோதனைக்கும் என்ன சம்பந்தம் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. 2021 பிப்ரவரியில் ராம்தேவின் கொரோனில் மேடையில் ஒன்றிய சுகாதார அமைச்சர் ஹர்ஷ்வர்தனே இருந்தார். அவர் படித்த மருத்துவர்.

இதையெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் இந்தக் குற்றச்சாட்டு மிகச் சிறியது என்பதுதான் என் வாதம். அறிவியலை அரசு கேட்டதா இல்லையா என்று மட்டும் விவாதித்தால், அந்த அறிவியல் யாரை எண்ணியது, யாரை எண்ணாமல் விட்டது என்ற கேள்வி அடிபட்டுப் போகிறது. ஆலோசனை சொன்னவர்களும் ஆலோசனையைப் புறக்கணித்தவர்களும் ஒரு விஷயத்தில் ஒன்றாகவே இருந்தார்கள். இறந்தவரின் சாதியை இருவருமே கேட்கவில்லை.

2020 மார்ச் 24 இரவு 8 மணிக்குப் பிரதமர் பேசினார். நள்ளிரவிலிருந்து நாடு 21 நாள் மூடப்பட்டது. நான்கு மணி நேர அவகாசம். வீட்டிலேயே இருங்கள், கையைக் கழுவுங்கள், தள்ளி நில்லுங்கள் என்றார்கள். வைரஸைப் பொறுத்தவரை இதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. ஆனால் தனி அறை, குழாயில் தண்ணீர், ஒரு மாதத்துக்கான அரிசி, மாதம் பிறந்தால் வங்கியில் விழும் சம்பளம் என்று நான்கும் இருக்கிற வீட்டை மனதில் வைத்துச் சொல்லப்பட்ட ஆலோசனை அது. கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் ஒரே அறையில் ஐந்தாறு பேர் படுத்துறங்கும் குடும்பத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அவரைத் தனிமைப்படுத்துவது எப்படி? அந்த மக்களை நகரத்தின் நடுவிலிருந்து பெயர்த்து அங்கே கொண்டுபோய்க் கொட்டியதும் அரசுதான்.

அதே ஏப்ரல் 24 அன்று நிதி ஆயோக் உறுப்பினர் வி.கே. பால் செய்தியாளர்களிடம் ஒரு வரைபடத்தைக் காட்டினார். மே 16 வாக்கில் புதிய தொற்றுகள் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும் என்றது அந்தக் கோடு. மே 16 வந்தது. தொற்று நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது. அன்று அதிகாலை உத்தரப்பிரதேசத்தின் ஔரையாவில், ஊர் திரும்பிக்கொண்டிருந்த புலம்பெயர் தொழிலாளர்களில் குறைந்தது 24 பேர் லாரிகள் மோதிச் செத்தார்கள். அதற்கு ஒரு வாரம் முன்பு, மே 8 அன்று, அவுரங்காபாத் அருகே தண்டவாளத்தில் தூங்கிய 16 பேர் மீது சரக்கு ரயில் ஏறியது. வரைபடம் தவறியது பெரிய குற்றமில்லை. மாதிரிகள் தவறுவது அறிவியலில் சகஜம். அந்த வரைபடத்தின் எந்த அச்சிலும் நடந்துபோகிறவர்கள் இல்லை என்பதுதான் விஷயம். மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞர் சாலையில் இப்போது யாருமே இல்லை என்று சொன்னார். செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் தொழிலாளர் அமைச்சகம், ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் ஊர் திரும்பினார்கள் என்று கணக்குச் சொன்னது. வழியில் செத்தவர்கள் எத்தனை பேர் என்றதற்கு, அப்படியொரு தரவு தங்களிடம் இல்லை என்றது.

இடையில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ‘சமூக இடைவெளி’ என்ற சொல்லை உலக சுகாதார நிறுவனம் மார்ச் 20 அன்றே கைவிட்டு, ‘உடல் இடைவெளி’ என்று சொல்லத் தொடங்கியது. நாம் மாதக்கணக்கில் சமூக இடைவெளி, சமூக இடைவெளி என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டிருந்தோம். ஊருக்கும் சேரிக்கும் நடுவே அந்த இடைவெளியைக் கண்டுபிடிக்க நமக்கு ஒரு வைரஸ் தேவைப்பட்டதா என்ன? பரேலியில் ஊர் திரும்பிய தொழிலாளர்களைத் தரையில் உட்காரவைத்து, தீயணைப்பு வண்டிக் குழாயால் கிருமிநாசினி பீய்ச்சினார்களே, அந்தக் காட்சிக்கு எந்த மருத்துவ நூலிலும் ஆதாரம் கிடையாது. வேறு நூல்களில் உண்டு.

அரசுக்கு எண்ணத் தெரியாதா? நன்றாகவே தெரியும். 2020 ஏப்ரல் 18 அன்று ஒன்றிய சுகாதார அமைச்சகம், மொத்தம் 14,378 தொற்றுகளில் 4,291 தப்லீக் ஜமாத்தோடு தொடர்புடையவை என்று பத்திரிகையாளர் முன்னால் அறிவித்தது. தமிழ்நாட்டில் ‘டெல்லி மாநாடு’ என்று தினமும் சொல்லிவிட்டு, எதிர்ப்பு வந்ததும் ‘ஒரே மூலம்’ என்று மாற்றிக்கொண்டார்கள். பழியைச் சுமத்தும்போது சமூக வாரியாகக் கணக்கு வந்தது. நிவாரணமும் பொறுப்பும் கேட்கும்போது எல்லோரும் ‘இந்தியர்’ ஆகிவிட்டார்கள்.

பரிசோதனைக்கு மாதிரி எடுக்கும்போது நிரப்பிய படிவத்தில் பெயர், வயது, பாலினம், கைபேசி எண், முகவரி எல்லாம் கேட்டார்கள். சாதி கேட்கவில்லை. இறப்பைப் பதிவு செய்யும் படிவத்தின் புள்ளிவிவரப் பகுதியில் மதத்துக்கு இடம் உண்டு, தொழிலுக்கு இடம் உண்டு. சாதிக்கு இல்லை. பிறந்தது முதல் பள்ளிச் சேர்க்கை, கல்லூரி, வேலை, கலியாணம் என்று நம்மைத் துரத்திவரும் சாதி, சாவுப் படிவத்தில் மட்டும் மரியாதையாக விலகி நின்றுகொள்கிறது. சுடுகாட்டு வாசலில் மறுபடி வந்து சேர்ந்துகொள்கிறது. 2021 ஏப்ரலில் நூற்றுக்கணக்கான அறிவியலாளர்கள் ஐசிஎம்ஆர் தரவுகளைத் திறந்துவிடச் சொல்லிப் பிரதமருக்கு வேண்டுகோள் விடுத்தார்கள். நியாயமான வேண்டுகோள். ஆனால் அத்தனையையும் திறந்துவிட்டிருந்தாலும் ஒரு தலித் முதியவருக்கு என்ன ஆனது என்பது அதில் கிடைத்திருக்காது. கேட்டிருந்தால்தானே கிடைக்கும்?

இது புதிதாக நடந்த மறதி என்றும் சொல்ல முடியாது. நூறு ஆண்டுகளுக்கு முன் எண்ணினார்கள். 1918 இன்ஃப்ளுயன்சாவில் பம்பாய் நகரச் சாவுகளைச் சமூக வாரியாகப் பிரித்த கணக்கு இருக்கிறது. ஆயிரம் பேருக்கு ஐரோப்பியர் 8.3, பார்சிகள் 9, சாதி இந்துக்கள் 18.9, ‘கீழ்ச்சாதி இந்துக்கள்’ என்று அவர்கள் எழுதியவர்களில் 61.6. சாதி இந்துக்களைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். ஆய்வுக்காகப் பழைய சுகாதாரப் புள்ளிவிவரங்களோடு மல்லுக்கட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த ஒரு வரிசை எண் தரும் தெளிவை 2020க்கான எந்த அரசு ஆவணமும் தரவில்லை. காலனி அரசைப் புகழவில்லை. ஆளுவதற்காக எண்ணினான் வெள்ளைக்காரன். 1897இல் பிளேக் வந்தபோது கொள்ளைநோய்ச் சட்டம் கொண்டுவந்து வீடு வீடாகப் புகுந்து இழுத்துப்போனதும் அவன்தான். அதே சட்டத்தைத்தான் 2020இலும் தூசு தட்டி எடுத்தார்கள். அதே 1897இல்தான் சாவித்திரிபாய் பூலே புனே அருகே பிளேக் நோயாளிகளைத் தூக்கிச் சுமந்து, தொற்றுக்கு ஆளாகி இறந்தார். அரசு சட்டத்தை எடுத்துக்கொண்டது, சாவித்திரிபாயை விட்டுவிட்டது.

எண்ணினால் என்ன தெரியும் என்பதற்கு இரண்டு சான்றுகள் போதும். 2020 ஏப்ரலில் வேலை இழந்தவர்களைச் சாதி வாரியாகப் பார்த்த பொருளியலாளர்கள் அஸ்வினி தேஷ்பாண்டேவும் ராஜேஷ் ராமச்சந்திரனும், பட்டியல் சாதியினரின் வேலையிழப்பு உயர்சாதியினரைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு என்று காட்டினார்கள். இரண்டாவது, 2024 ஜூலையில் ‘சயின்ஸ் அட்வான்சஸ்’ இதழில் வந்த ஆய்வு. அரசே நடத்திய தேசியக் குடும்ப நல ஆய்வில் இருந்த விவரங்களை வைத்துக் கணக்கிட்டார்கள். 2020இல் மட்டும் பிறப்பின்போதான ஆயுள் எதிர்பார்ப்பு முஸ்லிம்களுக்கு 5.4 ஆண்டும், பழங்குடியினருக்கு 4.1 ஆண்டும், பட்டியல் சாதியினருக்கு 2.7 ஆண்டும் சரிந்தது. உயர்சாதி இந்துக்களுக்கும் பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கும் 1.3 ஆண்டு. வைரஸ் சாதி பார்க்காது என்று பேசிக்கொண்டே இருந்தோம். வைரஸ் பார்க்கவில்லை, சரி. படுக்கையும் சம்பளமும் வீடும் பார்த்தன.

ஒன்றிய அரசு என்ன செய்தது? மறுநாளே அந்த ஆய்வை ஏற்க முடியாது, தவறானது என்று அறிக்கை விட்டது. 2022 மே மாதம், இரண்டு ஆண்டுகளில் இந்தியாவில் 47 லட்சம் கூடுதல் சாவுகள் நிகழ்ந்திருக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டபோதும் இதே பாட்டுத்தான். அரசின் கணக்கு ஐந்து லட்சத்தைக்கூடத் தொடவில்லை. டெல்லியை மட்டும் திட்டிவிட்டு எழுந்துபோக முடியாது. சென்னையில் விடுபட்ட 444 சாவுகளை 2020 ஜூலை 22 அன்றுதான் தமிழ்நாடு அரசு தன் பட்டியலில் சேர்த்தது. அதுவும் அம்பலப்பட்ட பிறகு.

இங்கே நம் தோழர்களே ஒரு தடை சொல்கிறார்கள். சாதி வாரியாகத் தொற்றைச் சொன்னால், தப்லீக்குக்கு நடந்ததுதான் சேரிக்கும் நடக்கும். ‘இவர்களால்தான் பரவியது’ என்பார்கள். இந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கோயம்பேட்டில் நடந்ததைப் பார்த்தோமே. நான்கு நாள் முழு ஊரடங்கு என்று திடீரென அறிவித்துச் சந்தையில் கூட்டத்தைத் திரட்டியது அரசு. பரப்பியவர்கள் என்ற பெயர் மூட்டை தூக்கியவர்களுக்கு. ஆனால் நோய் பரப்பியவர் என்று ஒரு சமூகத்தை அன்றாடம் மேடையில் அறிவிப்பது வேறு, இறந்தவரின் சமூகத்தைப் பதிவேட்டில் எழுதி, பெயர் முகவரி இல்லாத தொகுப்பாக வெளியிடுவது வேறு. சிகாகோவில் 2020 ஏப்ரல் தொடக்கத்திலேயே, மக்கள்தொகையில் ஏறக்குறைய 30 விழுக்காடான கறுப்பின மக்கள் சாவுகளில் ஏறக்குறைய 70 விழுக்காடு என்ற கணக்கு வெளிவந்தது. அதை வைத்து அங்கே கேள்வி கேட்டார்கள். நம்மிடம் கேள்வி இருந்தது, கணக்கு இல்லை. இழிவு வரும் என்று அஞ்சி எண்ணாமல் விட்டதால் இழிவு குறைந்துவிட்டதா? இழப்பு மட்டும்தான் மறைந்தது.

கணக்கு இல்லாமல் போனால் யாருக்கு நஷ்டம் என்பதை மருத்துவர்களையும் தூய்மைப் பணியாளர்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2020 செப்டம்பரில், இறந்த மருத்துவர்களின் கணக்கு தன்னிடம் இல்லை என்று ஒன்றிய அரசு கைவிரித்தது. உடனே இந்திய மருத்துவச் சங்கம் 382 பேரின் பட்டியலை வெளியிட்டது. அவர்களுக்குச் சங்கம் இருந்தது, பட்டியல் இருந்தது, பத்திரிகையில் இடமும் இருந்தது. மருத்துவக் கழிவை அள்ளியவர்கள், தகரம் அடித்த தெருவுக்குள் போய்க் குப்பை எடுத்தவர்கள், பிணத்தைத் தூக்கியவர்கள் எத்தனை பேர் செத்தார்கள்? அவர்களில் பலர் காண்ட்ராக்டரின் வருகைப் பதிவேட்டில் இருந்தார்கள். செத்தால் அந்தப் பதிவேட்டில் பெயர் அடிபடும், அவ்வளவுதான்.

மாலை போட்டார்கள், பாதபூஜை செய்தார்கள். அதிமுக ஆட்சி ‘துப்புரவுப் பணியாளர்’ என்ற பெயரை ‘தூய்மைப் பணியாளர்’ என்று மாற்றியது. பெயர் மாறியது, காண்ட்ராக்ட் மாறவில்லை. 2025 ஆகஸ்டில் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் வேலையைத் தனியாருக்குக் கொடுப்பதை எதிர்த்து, பெரும்பாலும் தலித் பெண்களான அந்தப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன் 13 நாள் உட்கார்ந்தார்கள். கொரோனாவிலும் வெள்ளத்திலும் நாங்கள்தானே நின்றோம் என்று கேட்டார்கள். சமூகநீதி பேசும் திமுக ஆட்சியில், ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீஸ் அவர்களை இழுத்து வண்டியில் ஏற்றியது. அவர்களோடு வேலை பார்த்துக் கொரோனாவில் செத்தவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று பொதுவெளியில் இருந்திருந்தால், அந்த இரவு அவ்வளவு சுலபமாக நடந்திருக்குமா என்று யோசிக்கிறேன்.

2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியைச் சேர்ப்போம் என்று ஒன்றிய அரசு அறிவித்திருக்கிறது. பலரும் அதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். கணக்கெடுப்பு உயிரோடு இருப்பவர்களை எண்ணும். சாகிறவர்களை எண்ணுவது பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம். அதன் 30ஆம் பிரிவின்படி ஒன்றிய அரசின் ஒப்புதலோடு மாநில அரசு விதிகள் வகுக்கலாம். இறப்புப் படிவத்தின் புள்ளிவிவரப் பகுதியில் சமூகப் பிரிவுக்கு ஒரு கட்டம் சேர்க்கும் விதியைத் தமிழ்நாடு அரசு எழுதி டெல்லிக்கு அனுப்பட்டும். டெல்லி மறுக்கும் என்றால் எழுத்தில் மறுக்கட்டும். இன்னொன்றுக்கு டெல்லியின் கையெழுத்துகூட வேண்டாம்: 2020 மார்ச் முதல் சென்னை மாநகராட்சியிலும் அதன் காண்ட்ராக்ட் நிறுவனங்களிலும் வேலையில் இருந்தபோது இறந்த தூய்மைப் பணியாளர்களின் பட்டியல். வருகைப் பதிவேடுகளும் இறப்புச் சான்றிதழ்களும் ரிப்பன் மாளிகையின் அதிகாரத்துக்கு உட்பட்டவைதான். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட 10 ரூபாய். மண்டலத்துக்கு ஒன்று என்று போட்டால்கூட 150 ரூபாய்தான் ஆகிறது.