மூணு விரல் உள்ளே போகுதா? 'வெறும் பாக்கு' உங்கள் வாயை என்ன செய்கிறது

ஒரு சின்ன சோதனை. ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களைச் சேர்த்து, மேல், கீழ் முன்பற்களுக்கு நடுவே செங்குத்தாக வையுங்கள். மூன்றும் போகுதா? பெரும்பாலானவர்களுக்குப் போகும். போகலைன்னா, பாக்கு போடும் பழக்கமும் இருந்தால், இது உங்களுக்கான கட்டுரை.

கரமனை அக்ரஹாரத்தில் விருந்து முடிந்ததும் வரும் வெற்றிலைத் தட்டு நமக்குப் புதிதல்ல. "புகையிலை இல்லையே, வெறும் பாக்குதானே" என்போம். ஆனால், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பாக்கையே புற்றுநோய்க் காரணியாக வகைப்படுத்தியிருக்கிறது.

வாய்க்குள் என்ன நடக்குது?

பாக்கில் உள்ள அரிக்கோலின், வாய்த் தோலுக்கு அடியில் நார்த்திசுவைக் குவிக்கிறது. முதலில் காரம் பட்டால் எரியும். பிறகு கன்னத்தின் உட்புறம் வெளுத்து, கயிறு போல இறுகும். இறுக்கம் தசை வரை போனால் வாய் திறக்க, நாக்கை நீட்ட, விழுங்க, தெளிவாகப் பேச சிரமம். அண்ணத் தசைகள் பாதித்தால் காது கேட்பதும் குறையலாம். இதுதான் 'ஓரல் சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ்'.

கவனிக்காமல் விட்டால்?

எர்ணாகுளத்தில் இந்த நோய் இருந்த 66 பேரை 17 ஆண்டுகள் வரை கண்காணித்த ஆய்வு 1985-ல் வெளியானது. 5 பேருக்கு வாய்ப் புற்றுநோய் வந்தது; 7.6%. சிறிய ஆய்வுதான், ஆனால் எச்சரிக்கை பெரிது.

முன்கூட்டியே பார்த்தால்?

பதில் நம்ம திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே இருக்கு. 1996 முதல் 2004 வரை, மண்டலப் புற்றுநோய் மையத்தின் ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் 35 வயதைத் தாண்டியவர்களின் வாயைக் கண்ணால் பார்த்தே பரிசோதித்தார்கள். மொத்த மக்களிடம் இறப்பு குறைந்ததாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் புகையிலை அல்லது மது பழக்கம் உள்ளவர்களிடம் வாய்ப் புற்றுநோய் இறப்பு 34% குறைவு.

நீங்க என்ன செய்யணும்?

கேரளா 2012-லும் தமிழ்நாடு 2013-லும் குட்காவைத் தடை செய்தன. வெறும் பாக்குக்கு அந்தத் தடை இல்லை. நிறுத்துவது உங்கள் கையில்தான். இறுகிய வாய் முழுசா பழையபடி ஆவது கடினம். ஆனால் பாக்கை விட்டு, வாய் திறக்கும் பயிற்சியும் சிகிச்சையும் எடுத்தால் மேலும் மோசமாகாமல் தடுக்க வாய்ப்பு உண்டு. பல் மருத்துவரிடம் போனால், பல்லோடு கன்னத்தின் உட்புறத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் வெற்றிலை போடும் பெரியவர்களையும் கூட்டிட்டுப் போங்க.