சிறைச்சாலையும் துப்பாக்கியும்

தெருவில் நடக்கும் பிரஜை ஆபத்து நேர்ந்தால் ஓடலாம். அயலாரைக் கூவி அழைக்கலாம். கைதிக்கு இவ்விரண்டும் இல்லை. அவனை நிராயுதபாணியாக்கி நான்கு சுவர்களுக்குள் அடைத்தது சர்க்கார். அவன் பிராணனுக்குப் பொறுப்பாளியும் சர்க்காரே. ஆகவே, சிறைக்குள் துப்பாக்கிப் பிரயோகம் செய்யும் அதிகாரம் வெளியிலுள்ளதைக் காட்டிலும் குறுகியதாக இருத்தலே நியாயம்.

நடந்ததோ வேறு. 1931 செப்டம்பர் 16ஆம் தேதி, வங்காளத்தில் ஹிஜ்லி காவல் முகாமில் ராஜீயக் கைதிகள்மீது காவலர் சுட்டதில் ஸந்தோஷ் குமார் மித்ரா, தாரகேஸ்வர் ஸென் குப்தா இருவரும் மாண்டனர். தாகூர் கல்கத்தாவில் கண்டனம் முழங்கினார். சர்க்கார் நியமித்த விசாரணைக் கமிட்டியே அச்செயல் நியாயமற்றதெனக் கூறிற்று. அந்நிய ஆட்சியின் கொடுமை என்று நாம் அதை எழுதி முடித்துவிடலாம். ஆனால் 1950 பிப்ரவரி 11ஆம் தேதி சேலம் சிறையில் 22 கம்யூனிஸ்டுக் கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டபோது, குடியரசு பிறந்து பதினாறு நாட்களே ஆகியிருந்தன. ஆள்வோர் மாறினர், சிறைச் சட்டம் மாறவில்லை.

1894ஆம் வருஷத்து அச்சட்டத்தின் 59ஆவது பிரிவு, கலகத்தின்போதும் தப்பியோடும் முயற்சியின்போதும் கைதிகள்மீது ஆயுதம் பிரயோகிப்பதைப் பற்றிய வரம்புகளைச் சட்டத்தில் வகுக்காமல் விதிகளுக்கு விட்டுவிட்டது. கைது செய்யும் போலீஸாருக்கோ சட்டமே வேலி கட்டியிருக்கிறது. மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றம் சாட்டப்படாதவனைப் பிடிக்கும்பொருட்டுக் கொல்லும் உரிமை கிடையாது என்றது 1898ஆம் வருஷத்துக் கிரிமினல் நடைமுறைச் சட்டம். 2024 ஜூலை முதல் அமுலிலுள்ள புதிய சட்டத்தின் 43ஆவது பிரிவும் அதையே சொல்லுகிறது. சந்தையில் ஓடும் திருடனைக் கொல்லலாகாது. அவனே சிறைச் சுவரேறினால் கொல்லலாமா? இதற்கு விடை இலாகா விதிப் புத்தகத்தில் ஒளிந்து கிடத்தல் தகுமா?

வார்டர்களின் உயிரும் உயிரே. ஆத்ம ரக்ஷணை உரிமையை அவர்களுக்கு மறுப்பார் எவருமில்லை. 1990இல் ஹவானாவில் கூடிய ஐக்கிய நாடுகள் மகாநாடு வகுத்த கோட்பாடும் இதுவே: மரணமோ கொடுங்காயமோ உடனே நேருமென்ற நிலையில், அல்லது அத்தகைய அபாயம் விளைக்கக்கூடியவன் தப்புவதைத் தடுக்க வேறு வழியே இல்லாத நிலையில் மட்டுமே துப்பாக்கி எடுக்கலாம். 2015ஆம் வருஷத்து மண்டேலா விதிகள், கைதிகளோடு நேரில் பழகும் ஊழியர் சாதாரணமாக ஆயுதம் தாங்கலாகாதென்றும், பலத்தைப் பிரயோகித்தால் உடனே தலைமை அதிகாரிக்கு அறிவிக்க வேண்டுமென்றும் கூறுகின்றன. கீழ்ப்படியாமைக்குத் தண்டனை உண்டு. அது தோட்டா அன்று.

சிறை, மாகாணங்களின் அதிகாரத்துக்குட்பட்ட விஷயம். சட்டசபைகள் இவ்வரம்புகளைச் சட்டமாகவே இயற்றட்டும். 2005ஆம் வருஷத்துத் திருத்தம் காவலில் நேரும் மரணத்துக்கு நீதித்துறை மாஜிஸ்டிரேட்டின் விசாரணையை விதித்தது நன்று. அவ்விசாரணையின் முடிவு தாமதமின்றிப் பிரசுரமாகட்டும். கைதி இழந்தது சுதந்திரம் ஒன்றே. உயிரையும் இழக்கும்படி எந்த நியாயஸ்தலமும் அவனுக்குத் தீர்ப்பளிக்காதபோது, அத்தீர்ப்பைக் காவற்கோபுரம் அளிக்க விடலாகாது.