பனியின்மேல் பழி போடாதீர்கள்

நான்கு ஆண்டுக்கு ஒருமுறை குளிர்கால ஒலிம்பிக் தொடங்கும்போது கூடவே ஒரு பேச்சும் தொடங்கிவிடும். அணிவகுப்பில் நூறு பேர், இருநூறு பேர் என்று பெரிய நாடுகள் நடந்துபோகும். நடுவில் ஒரு சின்ன நாடு வரும். கொடி பிடித்து வருகிற ஒரேயொரு வீரர்தான் அந்த நாட்டின் முழு அணியும். கிழக்குத் திமோர் அப்படி வந்திருக்கிறது. டொங்கா அப்படி வந்திருக்கிறது. பார்த்துக்கொண்டிருப்பவர்கள் உடனே சொல்வார்கள்: "இவங்களுக்கு ஏன் இந்த வேலை? பனியையே காணாத நாட்டுக்குப் பனிச்சறுக்கு என்னத்துக்கு? காசைக் கரைக்கப் போறாங்க." திருகோணமலை மாவட்டத்தில் எங்கள் ஊரான வெருகலில் தேநீர்க் கடை வாங்கிலிலும் இதைக் கேட்கலாம். ரொறன்ரோவில் குடியேறிப் பல காலமாகிவிட்ட உறவினர் தொலைபேசி எடுத்தாலும் இதையேதான் சொல்வார்.

இந்த எண்ணம் பிழையானது. கேடானதும்கூட. ஒரு நாட்டின் அளவும் காலநிலையும் அந்த நாட்டுப் பிள்ளை எதைச் செய்யலாம், எதைச் செய்ய முடியாது என்று பிறக்குமுன்பே எழுதிவிட்டன என்ற நம்பிக்கையில்தான் இது வேர்விட்டிருக்கிறது. அந்த நம்பிக்கை பனிமலையோடு நின்றுவிட்டால் எனக்கு வழக்கில்லை. அது வெருகல் ஆற்றங்கரை வரை வந்து எங்கள் பிள்ளைகளின் காலையும் கட்டிப்போடுகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அளவைப் பார்ப்போம். லிச்சென்ஸ்டைன் நாட்டின் சனத்தொகை ஏறத்தாழ 40,000. எங்கள் மாவட்டத்தில் ஒரு பிரதேச செயலகப் பிரிவுக்குள் அடங்கிவிடக்கூடிய தொகை. அந்த நாடு குளிர்கால ஒலிம்பிக்கில் 10 பதக்கங்கள் வாங்கியிருக்கிறது. 1980இல் லேக் பிளாசிட்டில் ஹானி வென்செல் என்ற ஒரே பெண் இரண்டு தங்கமும் ஒரு வெள்ளியும் வென்றார். நோர்வேயின் சனத்தொகை இலங்கையின் கால்பங்கு. 2022இல் பெய்ஜிங்கில் 16 தங்கம் வென்று பட்டியலில் முதலாவதாக நின்றது அந்த நாடுதான். சிறிய நாடு என்பது ஒரு தடையே இல்லை.

"அவர்களுக்கு மலையும் பனியும் இருக்கிறதே" என்பீர்கள். இமயமலை இந்தியாவுக்கும் நேபாளத்துக்கும் இருக்கிறது. இந்தியா 1964 முதல் குளிர்கால ஒலிம்பிக்கில் கலந்துகொள்கிறது, இன்னும் ஒரு பதக்கம் கிடைக்கவில்லை. நேபாளத்துக்கும் கிடைக்கவில்லை. உலகத்தின் மிக உயர்ந்த பனி தலைக்குமேல் இருந்தும் பயனில்லை என்றால், பதக்கத்தைத் தருவது பனி என்று எப்படிச் சொல்வது?

நெதர்லாந்தைப் பாருங்கள். மலையே இல்லாத தட்டை நாடு. அங்கே கால்வாய்கள் உறைந்தால் மட்டும் நடக்கிற ஒரு சறுக்கோட்டம் உண்டு. பதினொரு ஊர்களைச் சுற்றி ஏறக்குறைய 200 கிலோமீற்றர். நாடே திரண்டு பார்க்கும். ஆனால் கடைசியாக அது நடந்தது 1997இல். அதற்குப் பிறகு போட்டி நடத்தும் அளவுக்குக் கால்வாய்கள் உறையவே இல்லை. அப்படியிருந்தும் 2014 சோச்சியில் வேகச் சறுக்கோட்டத்துக்கு இருந்த 36 பதக்கங்களில் 23ஐ நெதர்லாந்துக்காரர்கள் வாரிக்கொண்டு போனார்கள். ஹீரன்வேன் என்ற ஊரில் தியால்ஃப் என்ற உள்ளரங்கம் இருக்கிறது. இயந்திரம் உறையவைத்த தளம், ஊருக்கு ஊர் கழகம், பிள்ளைக்குப் பயிற்றுவிப்பாளர். வானம் கைவிட்ட இடத்தில் மனிதர்கள் கட்டிக்கொண்டார்கள். 2022 பெய்ஜிங் போட்டியில் சறுக்கியதும் ஏறக்குறைய முழுவதும் இயந்திரம் செய்த பனியில்தான். இன்றைக்குப் பனி என்பதே தண்ணீரும் மின்சாரமும் பணமும் சேர்ந்து செய்கிற பொருளாகிவிட்டது.

இன்னும் எங்கள் காலநிலைக்குக் கிட்ட வருவோம். பிலிப்பைன்ஸ் எங்களைப் போலவே வெக்கையும் புயலும் உள்ள தீவு நாடு. அங்கே பேரங்காடிக்குள் இருந்த சறுக்குத் தளத்தில் சிறுவயதிலிருந்து பழகிய மைக்கேல் கிறிஸ்டியன் மார்ட்டினெஸ், 17 வயதில் சோச்சிக்குப் போனார். சிறுவயதில் ஆஸ்துமாவால் அவதிப்பட்டவர். கலைச் சறுக்கில் இறுதிச் சுற்றுக்குத் தெரிவாகி 19ஆம் இடத்தைப் பிடித்தார். அவருக்குப் பின்னால் வந்தவர்களில் பனி நாட்டுக்காரர்களும் இருந்தார்கள்.

இயற்கைதான் வீரரைப் படைக்கிறது என்று இன்னும் சாதிக்க நினைப்பவர் எங்கள் வாசலுக்கே வந்து பார்க்கட்டும். இலங்கை நாலாபுறமும் கடல் சூழ்ந்த தீவு. திருகோணமலைத் துறைமுகம் உலகத்தின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று. வெருகல் முகத்துவாரத்தில் வலை இழுக்கிற வீட்டுப் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே நீந்தவும் பழகுகிறார்கள். காலநிலையும் நிலமும்தான் பதக்கம் தரும் என்றால் நீச்சலில் நாங்கள் குவித்திருக்க வேண்டும். ஒலிம்பிக் நீச்சலில் இலங்கைக்கு ஒரு பதக்கமும் இல்லை. இதுவரை கிடைத்த இரண்டு பதக்கங்களும் ஓட்டத்தில் கிடைத்தவை: 1948இல் லண்டனில் டங்கன் வைற், 2000இல் சிட்னியில் சுசந்திகா ஜயசிங்க. கடல் இருந்தால் போதாது. ஐம்பது மீற்றர் தடாகம் வேண்டும், நேரம் குறிக்கிற கடிகாரம் வேண்டும், விடியற்காலையில் வந்து நிற்கிற பயிற்றுவிப்பாளர் வேண்டும், பத்து வருடப் பொறுமை வேண்டும். இவை இல்லாதபோது கடலைக் குறைசொல்வோமா? பனி இல்லாததைக் குறைசொல்வதும் அதே மாதிரிதான்.

"அப்படியென்றால் பனியில்லாத நாட்டுக்காரர்கள் எல்லோரும் ஏன் கடைசியாக வருகிறார்கள்?" என்று கேட்பவர்கள் ஜமேக்காவைக் காட்டுவார்கள். 1988இல் கல்கரியில் ஜமேக்காவின் நால்வர் பொப்ஸ்லெட் வண்டி கவிழ்ந்தது உலகத்துக்கே தெரியும். 1993இல் 'கூல் ரன்னிங்ஸ்' என்ற படம் அதைச் சிரிப்பும் கண்ணீருமாக வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. படம் வந்த சில மாதங்களில், 1994 பெப்ரவரியில் லில்லஹாமரில் என்ன நடந்தது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? அதே ஜமேக்கா 14ஆம் இடத்துக்கு வந்தது. அமெரிக்கா, ரஷ்யா, பிரான்ஸ் வண்டிகள் அதற்குப் பின்னால் நின்றன. பொப்ஸ்லெட்டில் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடுகிற முதல் ஐம்பது மீற்றரில் எடுக்கிற வேகம் கடைசிவரை கூடவரும். உலகத்தின் மிக வேகமான ஓட்டக்காரர்களை வளர்க்கிற தீவு அதைச் செய்ததில் அதிசயமே இல்லை. கவிழ்ந்ததை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம், முந்தியதை மறந்துவிட்டோம். கவிழ்ந்த கதை எங்கள் நம்பிக்கைக்கு வசதியாக இருந்தது.

இங்கே இன்னொரு கூட்டத்தோடும் எனக்கு வழக்கு உண்டு. "பாவம், வந்ததே பெரிய விசயம்" என்று கைதட்டுகிறவர்கள் அவர்கள். கேலியைவிட இது நல்லதாகத் தெரியும். உள்ளே இருப்பது அதே தீர்ப்புத்தான். ஆறு குளிர்கால ஒலிம்பிக்கில் லூஜ் என்ற சறுக்கு வண்டியில் இறங்கிய இந்தியாவின் சிவ கேசவனுக்கு அந்தப் பரிதாபம் தேவைப்படவில்லை. தகப்பன் கேரளத்தவர். மகன் வளர்ந்தது மணாலிப் பக்கத்து மலையில். 1998இல் நகானோவுக்குப் போனபோது வயது 16. நாட்டில் லூஜ் தடமே இல்லாததால் வண்டிக்குச் சில்லுப் பூட்டி, லொறி ஓடுகிற மலைத்தெருவில் படுத்தபடி இறங்கிப் பழகினார். 2011இல் ஆசிய லூஜ் போட்டியில் தங்கம் வென்றார். 2014இல் சோச்சியில் அவர் தன் நாட்டுக் கொடியின் கீழ் போட்டியிட முடியவில்லை. இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் நிர்வாகத் தகராறால் நாடே இடைநிறுத்தப்பட்டிருந்தது. அவர் போட்டி முடிந்த பிறகுதான் தடை நீங்கியது. அவருடைய வழியில் குறுக்கே நின்றது வெயில் என்று யாராவது சொல்ல முடியுமா?

"தகுதியில்லாமல் சும்மா போய்விட்டு வருகிறார்கள்" என்பதும் உண்மைக்குப் புறம்பு. 1988இல் எடி எட்வர்ட்ஸ் என்ற பிரித்தானியர் பனித்தாவலில் கடைசியாக வந்த பிறகு விதி இறுகியது. சர்வதேசப் போட்டிகளில் முதல் 30 சதவீதத்துக்குள் அல்லது முதல் 50 பேருக்குள் வந்தவர்தான் போகலாம் என்றார்கள். பிற்காலத்தில் சிறிய நாடுகளுக்கென ஓரிடம் ஒதுக்கப்பட்டாலும், அங்கீகாரமுள்ள போட்டிகளில் ஓடிக் குறித்த தரத்தை எட்டினால்தான் அந்த இடம் கிடைக்கும். கொடியோடு தனியாக நடந்து வருகிற அந்த ஒருவர், நாங்கள் பெயர்கூட அறியாத ஊர்களில் வருடக்கணக்காகப் போட்டியிட்டு அங்கே வந்திருக்கிறார்.

"வெளிநாட்டில் வளர்ந்தவர்கள் கொடியை இரவல் வாங்குகிறார்கள்" என்பது அடுத்த குற்றச்சாட்டு. லிச்சென்ஸ்டைனின் ஹானி வென்செல் பிறந்தது ஜேர்மனியில். உலகப் போட்டியில் வென்ற பிறகுதான் குடியுரிமையே கிடைத்தது. ஐரோப்பியர் செய்தால் அது வரலாறு, ஆபிரிக்கரும் ஆசியரும் செய்தால் இரவலா? பிள்ளைகளில் பாதிப்பேரைக் கடல்கடந்து அனுப்பிவிட்ட எங்கள் சமூகம் இந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது.

பனி விளையாட்டை உள்ளும் புறமும் அறிந்தவர்கள் இப்படிப் பேசுவதில்லை. 1998 நகானோவில் 10 கிலோமீற்றர் பனியோட்டத்தில் தங்கம் வென்றவர் நோர்வேயின் பியோர்ன் டேலி. கென்யாவின் பிலிப் போயிற் அவருக்குப் பிறகு ஏறத்தாழ 20 நிமிடம் கழித்துக் கடைசியாக வந்துகொண்டிருந்தார். டேலி எல்லைக்கோட்டிலேயே காத்திருந்து அவரைக் கட்டியணைத்தார். பதக்க விழா அதற்காகத் தாமதமானது. பிறகு போயிற் தன் மகனுக்கு டேலி என்று பெயர் வைத்தார். அந்தத் தூரத்தை ஓடி முடிக்க என்ன வேண்டும் என்று டேலிக்குத் தெரியும். வாங்கில் இருந்தபடி தீர்ப்புச் சொல்கிறவருக்கு அது தெரியாது.

அதே நோர்வேயில் எங்கள் ஆட்களும் இருக்கிறார்கள். எண்பதுகளில் போய் வடக்கே மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். அங்கே பாலர் பாடசாலைப் பிள்ளைக்கே சறுக்குக் கட்டை மாட்டிவிடுகிறார்கள். 11 வயது வரை பிள்ளைகள் போட்டியில் யார் முதல், யார் கடைசி என்று பட்டியல் போடக்கூடாது என்று விதியே வைத்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்து, மட்டக்களப்பு, திருகோணமலை இரத்தம் ஓடுகிற கால்கள் அங்கே பனியில் சறுக்குகின்றன. உடம்பு அதே உடம்புதான். கிடைத்தது வேறு.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். இல்ல விளையாட்டுப் போட்டி நாளில் மணல் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவார்கள். பத்து மணி வெயிலில் கோடு பாதி அழிந்துவிடும். வெறுங்காலோடு 1500 மீற்றர் ஓடுகிற ஒரு பிள்ளை கடைசிச் சுற்றில் மற்றவர்களை அரைச் சுற்று பின்னால் விட்டுவிட்டு வருவதைப் பார்த்திருக்கிறேன். மூதூர் வலயமட்டத்தில் வென்று மாகாணமட்டத்துக்குப் போனாள். அன்றுதான் முதன்முதலாக ஆணிச் சப்பாத்துப் போட்டாள், அதுவும் இரவல், ஒரு அளவு சிறியது. பாதித் தூரத்தில் குதிக்கால் கிழிந்துவிட்டது. ஓட்டத்தை விடவில்லை, ஏழாவதாக வந்தாள். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் அன்பாகத்தான் சொன்னார்: "வெருகல் பிள்ளைக்கு இதுவே பெரிசு மகள்." அவள் தலையாட்டினாள். அடுத்த வருடம் அவள் ஓடவில்லை.

அந்த வாக்கியமும் டொங்காக்காரரைப் பார்த்துச் சொல்கிற வாக்கியமும் ஒரு தாய் பிள்ளைகள். இரண்டும் சப்பாத்தைப் பற்றிப் பேசுவதில்லை, பயிற்றுவிப்பாளர் இல்லாததைப் பற்றிப் பேசுவதில்லை. 2006இல் மாவிலாற்றுச் சண்டையோடு ஊரே இடம்பெயர்ந்து, மீண்டு வந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கவேண்டி வந்ததைப் பற்றியும் பேசுவதில்லை. எல்லாவற்றையும் பிறந்த மண்ணின்மேல் போட்டுவிட்டுக் கைகழுவிவிடுகின்றன. பொறுப்பானவர்களுக்கு இதைவிட நிம்மதியான பேச்சு வேறில்லை.

நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958இல் ரோக்கியோ ஆசியப் போட்டியில் உயரம் பாய்ந்து, இலங்கைக்கு ஆசியப் போட்டியின் முதல் தங்கத்தைக் கொண்டுவந்தார். யாழ்ப்பாணத்துத் தமிழர். அவருக்கு ஒரு பாடசாலை மைதானமும், சொல்லிக்கொடுக்க ஆட்களும், தொடர்ந்து பாயக் காலமும் கிடைத்தன. கிடைத்தால் எங்கள் பிள்ளையும் பாயும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

"கிணறும் வைத்தியசாலையும் இல்லாத ஊருக்கு விளையாட்டா?" என்ற கேள்வி நேர்மையானது. அதற்கு நேர்மையாகவே பதில் சொல்கிறேன். வெருகலில் பனித்தளம் கட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. நான் கேட்பது சமப்படுத்திய ஒரு மைதானம், எங்கள் ஈச்சிலம்பற்றுக் கல்விக் கோட்டத்துக்கு நிரந்தரமாக ஒரு மெய்வல்லுநர் பயிற்றுவிப்பாளர், ஆற்றோரப் பிள்ளைகளுக்கு முறையான நீச்சல் பயிற்சி, மாகாணமட்டத்துக்குத் தெரிவாகும் பிள்ளைக்கு அளவான சப்பாத்தும் போக்குவரத்துச் செலவும். வெளிநாட்டு உறவுகள் கோயில் திருப்பணிக்கு மனமுவந்து அனுப்புகிறார்கள். அதில் பத்தில் ஒரு பங்கு மைதானத்துக்கு வந்தாலே இவற்றில் பாதி முடிந்துவிடும். மீதியை மாகாண சபையிடமும் விளையாட்டு அமைச்சிடமும் கேட்கும் உரிமை எங்களுக்கு உண்டு.

குளிர்கால ஒலிம்பிக்கில் இலங்கைக் கொடி இன்றுவரை பறந்ததில்லை. ஒருநாள் பறக்கலாம். அதைப் பிடித்து வருகிறவர் ஒஸ்லோவில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளையாகவும் இருக்கலாம், கண்டியில் வளர்ந்த சிங்களப் பிள்ளையாகவும் இருக்கலாம். அவர் கடைசியாக வந்தால், பனி இல்லாத நாடு என்று சொல்லி அந்தத் தோல்வியை மூடிவிடாதீர்கள். எத்தனை வயதில் தொடங்கினார், யார் பயிற்றுவித்தார், நாடு என்ன கொடுத்தது என்று கேளுங்கள். அதே கேள்விகளை அடுத்த இல்ல விளையாட்டுப் போட்டியில் வெறுங்காலோடு ஓடுகிற பிள்ளைக்காகவும் கேளுங்கள். பதில் சொல்லவேண்டியவர்கள் பதில் சொல்லும்வரை கேளுங்கள்.