முதலில் சிரிக்க வேண்டியவர்



திண்டுக்கல், வத்தலக்குண்டு, பழனி, நிலக்கோட்டை என நாலு பக்கத்துச் சாலைகளும் வந்து கூடும் ஊர் செம்பட்டி. எந்தப் பக்கத்தில் இருந்தும் எளிதாக வந்து சேரலாம் என்பதால், ஒரு கூட்டுறவுச் சங்கம் தன் பணியாளர்களுக்கான இரண்டு நாள் பயிற்சியை அங்கே ஒரு மண்டபத்தில் வைத்தது. உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதுவதையும், குறை சொல்லி வருபவரிடம் பேசுவதையும் சொல்லித்தர என்னை அழைத்திருந்தார்கள்.

முதல் நாள் காலை யாரும் வாய் திறக்கவில்லை. கேள்வி கேட்டால் எல்லோரும் நோட்டுக்குள் குனிந்துகொண்டார்கள். டீ குடித்துவிட்டு வந்து உட்கார்ந்த பிறகு, சட்டையிலும் சேலையிலும் குத்தியிருந்த பெயர் அட்டைகளைப் பார்த்து ஒவ்வொருவராக அழைத்தேன். நான் அழைத்தவர்கள் எழுந்து பதில் சொன்னார்கள். அரை மணி நேரம் போனபின் முன்வரிசையில் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்தினார். டீ வேளையில் எல்லோரும் அட்டைகளை மாற்றிக் குத்திக்கொண்டது அப்போதுதான் தெரிந்தது. மண்டபமே சிரித்தது, நானும் சேர்ந்து சிரித்தேன். அதன்பின் கேள்விகள் தாமாக வந்தன. அட்டையைப் படித்தேனே தவிர முகத்தைப் பார்க்கவில்லை என்று அந்தக் குறும்பு எனக்குச் சொன்னது. அன்று மாலைக்குள் எல்லோர் பெயரையும் மனப்பாடம் செய்துவிட்டேன்.

மறுநாள் மதியம் இன்னொரு விளையாட்டு நடந்தது. வேலைக்குச் சேர்ந்து சில நாட்களே ஆன ஒரு பெண்ணுக்கு போன் வந்தது. “ஹெட் ஆபீஸ்ல இருந்து பேசறேன். நீங்க போட்ட ரசீதுல நாலாயிரம் ரூபா குறையுதும்மா.” பேசியவர் பக்கத்து அறையில் இருந்த சக ஊழியர். அந்தப் பெண் சிரிக்கவில்லை. “எங்கப்பாகிட்ட என்ன சொல்வேன்?” என்று அழுதார். ஓடிவந்த அந்த ஊழியர், “தங்கச்சி, விளையாட்டுக்குத்தாம்மா பண்ணேன், மன்னிச்சிரு” என்றார். அவர் கெட்டவர் இல்லை. ஆனாலும் அந்தப் பெண்ணின் கை நடுக்கம் நிற்க வெகுநேரம் ஆனது.

இரண்டுமே குறும்புதான். முதலாவது, மைக் பிடித்து நின்றவரைத் தொட்டது. இரண்டாவது, இருப்பவர்களிலேயே இளையவரின் பிழைப்பைத் தொட்டது. அகப்பட்டவர் முதலில் சிரித்தால் அது விளையாட்டு. அவர் சிரிக்காதபோது நாம் சிரித்தால் அதற்கு வேறு பெயர்.

அந்த வேறு பெயரின் விலையைத் தமிழ்நாடு அறியும். 1996இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் பொன் நாவரசுவின் உயிர் ராகிங்கில் போனது. மறு ஆண்டே ராகிங் தடைச் சட்டம் வந்தது. அலுவலகம் கல்லூரி அல்லதான். ஆனால் புதிதாக வந்தவரின் பயம் இரண்டு இடத்திலும் ஒன்றே.

அந்தப் பயத்தைப் போக்க ஒரு வழியைச் செம்பட்டிக்குப் பக்கத்திலேயே பார்க்கலாம். அங்கேதான் காந்திகிராமம் இருக்கிறது. டாக்டர் சௌந்தரம் 1947இல் தொடங்கிய அந்த நிறுவனம், கிராமத்தில் பணியாற்ற வருகிறவர்களுக்குப் பயிற்சி தருவதைத் தன் முக்கிய வேலைகளில் ஒன்றாக வைத்துக்கொண்டது. சொல்லிக்கொடுப்பவரும் கற்பவரும் கூடி உழைக்க வேண்டும் என்ற காந்தியின் ஆதாரக் கல்வி அங்கே வேர்விட்டது. கூட உழைப்பவருக்கு, பக்கத்தில் இருப்பவர் எதற்குச் சிரிப்பார், எதற்குக் கலங்குவார் என்பது தெரிந்துவிடும். பயிற்சி நடத்துகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவதும் அதுதான். குறும்பைத் தடுக்காதீர்கள், அது முதலில் உங்கள் மேல் பாயட்டும். சம்பளம், கணக்கு, குடும்பம், சாதி, உருவம் இவற்றின் பக்கம் அது போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். யாராவது கலங்கினால் பாடத்தை நிறுத்திவிட்டு அவர் அருகே போய் உட்காருங்கள்.

அன்று மாலை நானும் அந்தப் பெண்ணின் அருகே போய் உட்கார்ந்தேன். அதிகம் பேசவில்லை. எல்லோரும் பஸ்ஸுக்குக் கிளம்பியபோது அவர் என் முன்னே வந்து, பெயர் அட்டையைக் கையால் மறைத்துக்கொண்டு நின்றார். “என் பேரு என்னன்னு சொல்லுங்க சார், பாப்போம்.”

சொன்னேன். மதியத்துக்குப் பிறகு அப்போதுதான் அவர் சிரித்தார்.

உங்கள் வேலையிடத்தில் உங்களைச் சிரிக்க வைத்த குறும்பையும், சிரிக்க முடியாமல் போன ஒன்றையும் எழுதி அனுப்புங்கள். காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்